காவலாள் நான்கு

ஆட்டத்தில் அவனுக்குப் பெயரில்லை.
கோப்பில் மட்டும் உண்டு:
காவலாள் நான்கு, விழுதல், இடப்பக்கம்,
முப்பத்தாறு ஃபிரேம்.

சேலம் சாலையில் டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல்
ஒன்பது கணினியும் ஒரு ஏசியும் உள்ள எங்கள் ஸ்டுடியோவுக்கு
அவன் வந்து சேர்ந்தபோது தலைமுடிகூடக் கிடையாது.
சாம்பல் உடம்பு. கட்டிக்கொள்ள வந்தவன் போல
இரண்டு கையையும் விரித்து நின்றான்.

அவனைக் கொல்வது என் வேலை.

"பாரம் இல்லை" என்று திருப்பி அனுப்பினார் ரகோத்தமன்.
"பஞ்சு மூட்டை விழுகிறது. ஆள் விழவில்லை."
ஏழாவது முறையும் அதே வரி வந்த சாயங்காலம்
லண்டன்பேட்டை மொட்டைமாடியில் மெத்தையைப் போட்டு
நாகவேணி கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு
நானே விழுந்தேன்.
பதினேழு தடவை.
கொடியில் துணி எடுக்க வந்த வீட்டுக்காரம்மா
"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றார்.
வேலைங்க என்றேன்.
அந்த மாதத்திலிருந்து வாடகையை
ஒன்றாம் தேதியே கேட்க ஆரம்பித்தார்.

பதினெட்டாவது தடவை மெத்தை விலகியிருந்தது.
அதுதான் ஓகே ஆயிற்று.
முதலில் இடது கை தரையைத் தேடும்.
பிறகு முழங்கை.
கடைசியாக,
எல்லாருக்கும் தெரிந்த பிறகு தெரிந்துகொள்கிற
தோள்.

பதினாலு மாதம் கழித்து ஆட்டம் வெளிவந்தது.
கிராபிக்ஸ் கார்டுக்கே தவணை ஓடிக்கொண்டிருக்க
அதையும் வாங்கினேன்.
பகலெல்லாம் அசைத்துவிட்டு ராத்திரியும் அதையா பார்ப்பே
என்பாள் நாகவேணி.
சமையல்காரன் பந்தியில் உட்காரக் கூடாதா?
உட்காரலாம்தான். உப்பைப் பார்த்தே இலையை மூடுவான்.
குதிரை ஓடினால் நான் கணுக்காலைப் பார்க்கிறேன்.
மிதித்த புல் எழுந்துகொள்கிறதா என்று குனிகிற நேரம்
முதுகில் அம்பு.

"எங்க நிக்கிற? ஏறி வா!"
ஹெட்போனில் மாதையன்.
காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலைக் கணக்குப்பிள்ளை;
சீசன் இல்லாத மாதங்களில் விடியும்வரை கிடைப்பான்.
நேரில் பார்த்ததில்லை.
என் மேல் விழ வேண்டிய வாளை
நூறு தடவையாவது வாங்கியிருக்கிறான்.

கோட்டையின் மூன்றாம் தளம். மழை.
தீப்பந்தத்துக்குக் கீழே அவன்.
இப்போது தாடி இருந்தது, கவசம் இருந்தது,
யாரோ கொட்டாவி விடக்கூடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
நாணை இழுத்தவள் அப்படியே நின்றேன்.

"விடு! விடு! பார்த்துட்டான்!"
பார்க்கவில்லை. கொட்டாவிதான்.
மாதையன் விட்டான்.

இடது கை.
முழங்கை.
தோள்.

மொட்டைமாடி சிமெண்டில் விழுந்த என்னை
தாடியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.
மவுஸை விட்டுவிட்டு முழங்கையைத் தடவினேன்,
தழும்பு அங்கேயே இருந்தது.

"என்னமா விழுறான் பாரேன்" என்றான் மாதையன்,
"நெசமாவே ஆள் விழுற மாதிரி."
அது நான்தான் என்று வாயெடுப்பதற்குள்
பிணத்தின் இடுப்பில் அவன்
சாவி தேடிக்கொண்டிருந்தான்.

அவன் தூங்கப் போன பிறகு
சேமித்த இடத்துக்குத் திரும்பினேன்.
இந்த முறை நானே விட்டேன். மறுபடியும் விட்டேன்.
மூன்று மணிவரை விட்டேன்.
இருபத்திரண்டாம் ஃபிரேமில்
வலது குதிகால் அரை அங்குலம் வழுக்குகிறது.
ரகோத்தமன் பார்க்கவில்லை. வெளிநாட்டில் யாரும் பார்க்கவில்லை.
இந்நேரம் எந்தெந்த ஊரில் யார் யார் கொல்கிறார்களோ
அத்தனை தடவையும் வழுக்கும்.

காலை ஏழரை, ரவுண்டானா, சிவந்த கண்ணோடு டீ.
ஓசூர் பஸ் நிற்காமலே திரும்ப
கம்பியைப் பிடித்துத் தாவி ஏறினார் கண்டக்டர்.
ஊன்றிய கால் ஊன்றிய இடத்தில் நின்றது,
மயிரிழைகூட நகரவில்லை.
யார் செய்தது என்று
ஒரு நொடி யோசித்தேன்.
பிறகு டீக்குச் சில்லறை தேடினேன்.