ஈரம்

அபானோ கணவாயை இன்று மாலையோடு மூடுகிறோம் என்று
சாலைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போன காலையில்
ஷெத்தேயின் நீவா கிளம்பவில்லை.

சுற்றுகிறது. அதில் குறையில்லை.
பால் கறக்க மறந்துபோன பசுவைப்போல
ஒரே சுருதியில் அலறிக்கொண்டு
ஸ்டார்ட்டர் சுற்றுகிறது;
பற்றிக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறது.
ஆக, பேட்டரி நிரபராதி.
நான் வருவதற்குள் அவன் அதைத்தான்
ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டித் தீர்த்திருந்தான்.

பெட்ரோல் குழாயைப் பிடுங்கி
பம்ப்பின் சின்ன நெம்பை அமுக்கினேன்.
முழங்கை வரை நனைத்தது.
பெட்ரோல் இருக்கிறது.

ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் செருகி,
என்ஜின்மேல் படுக்கவைத்து, "அடி" என்றேன்.
அடித்தான்.
பொறி இல்லை.
காயிலிலிருந்து வரும் நடுவயரைப் பிடித்துப் பார்த்தேன்:
நீலமாய், தடியாய், சொடுக்கியது.
அங்கே இருக்கிறது, இங்கே இல்லை.
இடையில் இருப்பது
ஒரு மூடி.

கவ்விகள் இரண்டையும் தட்டித் திறந்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டார் இல்லை.

தேய்ந்த ரோட்டார் பார்த்திருக்கிறேன்,
வெடித்தது, கரிந்தது,
சிலந்தி குடியிருந்தது.
எழுந்து நடந்துபோன ரோட்டாரை
இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை.
இரண்டு திருகாணி கழற்றாமல் அது வராது.

"என்னவாம்?" என்றான் பானெட்டுக்கு அப்பாலிருந்து.
முன்சீட்டில் அவன் பை,
பைக்குள் போலந்தில் லாரி ஓட்டுவதற்கான தாள்கள்.
சனிக்கிழமை குத்தாயிசியில் விமானம்.
கணவாய் மூடினால்
அடுத்து ஜூனில்தான் திறக்கும்.
ஓமாலோவில் அதுவரை
ஏழு வீட்டுப் புகைபோக்கிகளில் மட்டும் புகை வரும்.
அதில் ஒன்று என்னுடையது,
ஒன்று இது.

சன்னலுக்குள் மக்வாலா
கோத்தோரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.
வெள்ளை மாவில்
ஒரு கறுப்புப் பெருவிரல் ரேகை.
அதைப் பார்த்தாள்.
நான் பார்ப்பதையும் பார்த்தாள்.
மடித்து, அமுக்கி, உள்ளே அனுப்பிவிட்டாள்.

எட்டு வருஷமாக
அவன் இதற்குள் குனிந்தபோதெல்லாம்
டார்ச் பிடித்து நின்றவள் அவள்.

என் தகரப் பெட்டியில் இன்னொரு ரோட்டார் இருந்தது.
ஒளிப்பானேன், இருந்தது.
மாட்ட நாலு நிமிஷம் ஆகும்.
பெட்டியைத் திறந்தேன்.
துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன்.
மூடினேன்.

"ஈரம்" என்றேன்.
"காயணும். ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒரு மணி நேரமா!"
வானத்தை அண்ணாந்து பார்த்தான்.
வானம் எந்தப் பக்கமும் பேசவில்லை.
"சாப்பிட்டுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு
கோளாறு எதுவுமில்லாத ஜெனரேட்டரைப்
பழுது பார்க்கப் போனேன்.

அந்த ஒரு மணி நேரத்தில்
அவர்கள் என்ன பேசினார்கள், பேசினார்களா,
எனக்குத் தெரியாது.
என் தொழில் என்ஜினோடு சரி.

திரும்பி வந்தபோது
மூடி அதன் இடத்தில், கவ்விகள் மாட்டியபடி.
திறந்தேன்.
ரோட்டார் உட்கார்ந்திருந்தது,
பித்தளை முனையில் மெல்லிசாய் மாவு.
அவன் வருவதற்குள் துடைத்தேன்.

ஒரு திருகாணிதான் இருந்தது.
மற்றத் துளை காலி.
பெட்டியைக் கிளறி
நான் ஒன்றைப் போட்டு முடுக்கினேன்.

முதல் சுற்றிலேயே பற்றியது.
வெண்ணெய் மணக்க என்னைக் கட்டிக்கொண்டு
எவ்வளவு என்றான்.
ஈரத்துக்கு நான் கூலி வாங்குவதில்லை என்றேன்.
நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான்.

மக்வாலா இடது கையை அசைத்தாள்.
வலது கை மூடியே இருந்தது.

மூன்றாம் வளைவில் கியர் கடிக்கும் சத்தம்
இங்கே வரை கேட்டது.
இரண்டாவதற்குப் போகும்போது
கொஞ்சம் பொறுத்துப் போடு என்று
சொல்ல நினைத்திருந்தேன்.