ஒன்றா, ஏழா

மொழிபெயர்க்க வரவேண்டியவருக்குக் காய்ச்சல்.
ஆங்கிலம் கொஞ்சம் பேசுவேன் என்பதால்
என்னை வேனில் ஏற்றிவிட்டார்கள்.
பதினொரு ஜெர்மன் மாணவர்கள், இரண்டு பெட்டித் தண்ணீர்,
ஜன்னலில் சேர்வராயன்
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அன்னிகாவின் ஊரிலும் சுரங்கம் உண்டு. நிலக்கரி.
மூடிவிட்டார்கள்.
இப்போது அதற்கு டிக்கெட்.
அவள் அப்பா வேலைக்கு இறங்கிய லிஃப்டில்
சுற்றுலாக்காரர்கள் இறங்குகிறார்களாம்,
கீழே காப்பிக் கடை.
"எங்களுடையது கறுப்பு" என்றாள்
கருப்பூர் தாண்டும்போது.
அந்தப் பெயர்ப்பலகையை நான் விளக்கவில்லை.

இங்கே எல்லாம் வெள்ளை.
மாவு சலித்துக் கொட்டினாற்போல் மேடுகள்,
வெட்டிய படிகள், அடியில்
யாரும் கேட்காத ஒரு பச்சையில் மழைத்தண்ணீர்.
'மூடப்பட்ட சுரங்கம்' என்று பலகை.
மூடி எங்கே என்றான் லூக்காஸ்.
மேலே பார்த்தோம். வானம்தான் இருந்தது.

வாட்ச்மேன் அர்த்தநாரி
கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்தார்.
அனுமதிக் கடிதத்தைப் படிக்காமலே மடித்து வைத்தவர்
என்னை மட்டும் ஓரமாய் அழைத்து, மெல்ல:
"இவுங்கதான் தெறக்கப் போறவுங்களா?
பழைய ஆளு நாப்பத்திமூணு பேர் இருக்கோம்.
போன் போட்டா அரைமணி நேரத்துல வந்துருவாங்க."

என்ன கேட்கிறார், என்றாள் அன்னிகா.
சாப்பிட்டீர்களா என்று, என்றேன்.
அவள் நேராக அவரைப் பார்த்தே சொன்னாள்:
ஐந்து இட்லி, இரண்டு வடை, மிக்க நன்றி.
வயிற்றைத் தொட்டுக் காட்டியதை
அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ,
என் வாயைப் பார்த்தார்.
ஐந்து இட்லியை எந்தத் தமிழில் சொல்வது?
"யோசிச்சுச் சொல்றாங்களாம்."
"யோசிக்கட்டும்" என்றார். "யோசிக்கட்டும், நல்லது."

அப்புறம் எல்லாம் அவரே காட்டினார்.
வெடிமருந்து அறை, எடைமேடை,
லாரி திரும்புகிற இடம்.
இன்னும் எவ்வளவு கல் கிடக்கிறது என்பதற்கு
இரண்டு கையையும் அகட்டி, அதுவும் போதாமல்
மலைப்பக்கம் நீட்டி.
அவர்கள் அந்தக் கையைப் படம் எடுத்தார்கள்.
நான் மொழிபெயர்த்தேன்: பெரியது. மிகப் பெரியது.

கிளம்பும்போது
அனுமதிக் கடிதத்தின் ஓரத்தைக் கிழித்து
நம்பர் எழுதி அவளிடம் கொடுத்தார்.
ஞாபகத்துக்கு என்று நினைத்தாளோ என்னவோ,
நோட்டுக்குள் பத்திரமாக வைத்தாள்.

என் செருப்பெல்லாம் வெள்ளை.
தட்டத் தட்ட விரலுக்கு ஏறியது.
ஐந்து ரோட்டில் சிக்னலுக்கு நிற்கையில்
அந்தச் சீட்டை நீட்டினாள்:
இது ஒன்றா, ஏழா?

ஏழு என்றேன்,
பார்க்காமலே.