டிக்கியில் ஒரு கல்

ஜாக்கி, வீல் ஸ்பேனர், இரண்டு ஃபியூஸ்,
பழைய ஃபேன் பெல்ட், தக்கலை வரைக்குமாவது ஓடும்.
ரேடியேட்டருக்கு ஐந்து லிட்டர் தண்ணீர்.
எண்பத்தொன்பது மாடல் மாருதி
எப்போது எதைக் கேட்கும் என்று
அதற்கே தெரியாது.

ஷெல்பின் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான்:
"கல்லுமா? ரோட்டுல இல்லாத கல்லாக்கா?"

இருக்கும்.
போன ஆடியில், ஆரல்வாய்மொழி கணவாயில்,
சிவப்பு முக்கோணத்தை நிறுத்திவைத்துத் திரும்பினேன்.
காற்று அதைத் தூக்கிக்கொண்டு
காற்றாடிகளுக்குள் போய்விட்டது.
வளைவில் லாரி வெளிச்சம்.
கல் தேடி இருட்டில் துழாவிய கை
எதையோ தொட்டது.
அது மெல்ல நகர்ந்தது.

இது வள்ளியாற்றங்கரைக் கல்.
பட்டப்பகலில், காலால் இரண்டு தடவை
உருட்டிப் பார்த்து எடுத்தது.
கிழிந்த துவர்த்தில் சுற்றி
ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

நகரவில்லை.