கடைசி மூச்சு

இரவு இரண்டு பத்துக்கு
மிஸ்கூ தீவின் கடைக்கோடியில்
ஒரு மீட்டர் செத்தது.
சாகும்முன் ஒரு சொல் அனுப்பியது.

எல்லா மீட்டருக்கும் வயிற்றில்
அதற்கென்று ஒரு சொட்டு மின்சாரம் உண்டு.
போகிறேன் என்று சொல்லப் போதும்.
ஏன் என்று சொல்லப் போதாது.
எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே
கடைசி மூச்சு.

பிறகு ஒன்பது. பிறகு நாற்பது.
பிறகு என் திரையெங்கும்
அம்மை போட்டதுபோல் சிவப்பு.

மனிதர்கள் தாமதமாகத்தான் அழைப்பார்கள்.
முதலில் ஜன்னலுக்குப் போய்ப்
பக்கத்து வீடும் இருட்டா என்று பார்க்க வேண்டும்.
இருட்டென்றால் ஒரு நிம்மதி.

வெளியே உறைமழை.
விழும்வரை நீர், தொட்டதும் கண்ணாடி.
விரல் தடிமனாக இருந்த கம்பி
மணிக்கட்டுத் தடிமன் ஆகியிருக்கும்.
கம்பத்தின் மேலிருக்கும் பெட்டி
தானாகவே மூடிப் பார்த்தது. திறந்துகொண்டது.
மூடிப் பார்த்தது. திறந்துகொண்டது.
மூன்றாவது முறைக்குப் பின்
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.
கிளை உரசிப் போனதல்ல, அப்படியானால்.
எதுவோ விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

கணினி வம்சம் தேடியது:
இந்த வீடுகளுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர்,
அதற்கு எந்தக் கம்பித்தடம்,
செத்தவர்கள் அத்தனை பேருக்கும்
பொதுவான பாட்டன் யார்.
லமேக், மீன் பதனிடும் சாலைக்குப் பின்னால், என்றது.
ரெயால் ஷியாசோனும் ஜினெத்தும்
வண்டியை அங்கே திருப்பினார்கள்.

"பிர்ச் மரம்," என்றான் ரெயால் ரேடியோவில்.
"நெடுஞ்சாண்கிடையாக. கம்பி அதன் அடியில்."
இரண்டு பக்கமும் திறந்தேன். தடம் செத்தது என்றேன்.
தொடுமுன் சோதனைக்கோலை நீட்டினான்.
கோல் கத்தியது.

நான் திறந்தவற்றை மறுபடி எண்ணினேன்.
திறந்தே இருந்தன.
ரேடியோவில் மழை மட்டும் பேசியது.

அப்போதுதான் பார்த்தேன்:
அறுந்த துண்டின் நுனியில் தொங்கும் ஒரே வீடு,
ஊரெல்லாம் செத்திருக்க,
இருக்கிறேன் என்று பச்சையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தது.

எவாரிஸ்த் துகே. நான்காவது மணியில் எடுத்தார்.
உறைபெட்டியில் மூஸ் மான் இறைச்சியாம்,
குளிர்காலம் முழுவதற்கும் உள்ளதாம்.
கொட்டகை ஜெனரேட்டரை
துணி உலர்த்தியின் துளையில் செருகியிருந்தார்.
வீட்டுக்குள்தானே ஓடுகிறது என்றார்.
வந்த வழியே திரும்பிப் போகவும்
அதற்குத் தெரியும் என்றேன்.
போகிற வழியில் டிரான்ஸ்ஃபார்மர்
இருநூற்று நாற்பதை ஏழாயிரம் ஆக்கும் என்றேன்.
கம்பியருகே இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றேன்.
எங்கோ ஓர் இயந்திரம் இருமி அடங்குவது கேட்டது.
"யாருக்காவது..." என்று இழுத்தார்.
இல்லை என்று சொல்ல
எனக்கே கொஞ்சம் மூச்சு தேவைப்பட்டது.

ஐந்து நாற்பதுக்கு மூடினோம்.
ஒரேயடியாக அல்ல.
மூன்றரை மணி நேரம் பட்டினி கிடந்த ஹீட்டர்கள்
எல்லாம் சேர்ந்து பந்திக்கு முந்தும்.
ஷிப்பாகான் பக்கம் முதலில். பிறகு லமேக். பிறகு மிஸ்கூ.
ஒவ்வொரு மீட்டராய்க் கூப்பிட்டேன்.
இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன்.

ஒன்று மட்டும் பதில் சொல்லவில்லை.
இரண்டு பத்துக்குச் செத்த அந்த முதல் மீட்டர்.
கோடைக்கால வீடு. செப்டம்பரிலேயே பூட்டிப் போய்விட்டார்கள்.
சுவரிலிருந்து கம்பி பிய்ந்திருக்கும்,
பெரிய இருட்டுக்குள் ஒரு சின்ன இருட்டு.
குளிரவும் அங்கே யாரும் இல்லை.
பதினாறு மணி நேரம் ஆயிற்று, வீட்டுக்குப் போங்கள்,
பகல்குழு பார்த்துக்கொள்ளட்டும் என்றேன்.
சரி என்றான் ரெயால்.

ஏழேகாலுக்கு, நான் கோட்டு மாட்டும்போது,
திரையின் ஓரத்தில் அது கண் திறந்தது.
யாரோ அணைக்க மறந்த வாசல் விளக்கு
விடிந்த பிறகு எரிகிறதாம்.

"வழியில்தான் இருந்தது," என்றான்.

வரைபடம் என் முன்னால்தான் விரிந்திருக்கிறது.
எந்த வழியிலும் இல்லை அந்த வீடு.