எடைச்சீட்டின் பின்பக்கம்

குலசேகரம் ரப்பர் ஷீட் கடையில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நாலு பேர் உட்கார்ந்து திட்டம் போடுகிறோம்.
இது மூன்றாவது வாரம்.

வள்ளம் மணக்குடியிலிருந்து வருகிறது.
சகாயரூபனுடையது.
டெம்போ வாடகை ஆயிரத்து எண்ணூறு.
காயலைத் தவிர ஒன்றும் காணாத வள்ளம்
கவிழ்ந்து படுத்துக் கயிறு கட்டி
அழகியமண்டபம் வழியாக
மலையேறப் போகிறது.

முகாம், பேச்சிப்பாறை அணைக்கரையில்
பெல்சிட்டா மாமனாரின் புகைப்புரை.
ஷீட் காயப்போட்டு நாலு வருடமாகிறது,
சுவரைத் தொட்டால் இன்னும் கை கறுக்கும்.
அங்கிருந்து காலை ஐந்தரைக்குத் தள்ளினால்
கோதையாறு வந்து விழும் வாய்க்கு
ஒன்பது மணி.
இது விஜினின் கணக்கு.
விஜின் இதுவரை ஓட்டியது மிதிபடகு,
அதுவும் இருபது நிமிடம்.

வரைபடத்தில் ஒரு தீவு இருந்தது.
சித்திரையில் எடுத்த படம்.
"நாம போறது தையில," என்றான் தாணு,
"தீவு தண்ணிக்க அடியில கெடக்கும்."
தீவில் மதியச் சாப்பாடு என்பதில்
தீவை மட்டும் அடித்தேன்.

அரிசி எடுத்தால்
மீனுக்குத் தெரிந்துவிடும் என்றான் விஜின்,
நம்மளுக்குப் பசியில்லேன்னு.
பெல்சிட்டா பதில் சொல்லவில்லை.
மரச்சீனி இரண்டு கிலோ என்று எழுதி
அதற்குக் கீழே பொடி எழுத்தில்
கருவாடு என்றாள்.

அனுமதிப் படிவத்தில்
நீச்சல் தெரியுமா என்று ஒரு கட்டம்.
நாலு பேரும் ஆம்.
யாருடைய பேனாவும் நிற்கவில்லை,
நிற்காததை எல்லோரும் கவனித்தோம்.

அப்போதுதான் சகாயரூபன் போனில்
பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:
"நல்ல தண்ணியில வள்ளம்
ஒரு விரக்கடை கூடுதலா தாழும், கேட்டியளா.
இத்தன நாளும் உப்புல்லா தாங்கிச்சு.
முந்நூறு கிலோவுக்கு மேல ஏத்தாதிங்க."

ஷீட் நிறுக்கும் தராசில்
ஒவ்வொருவராக ஏறினோம்.
விஜின் எழுபத்தொன்று.
தாணு அறுபத்து நாலு, செருப்போடு.
பெல்சிட்டா ஐம்பத்தெட்டு.
நான் எண்பத்து மூன்று.
சாமான் நாற்பத்து மூன்று.
பத்தொன்பது கிலோ கூடுதல்.

ஐஸ் பெட்டி இறங்கியது.
அடுப்பும் சிலிண்டரும் இறங்கின.
குடிதண்ணீர் பத்து லிட்டர், ஐந்தானது
(சுற்றிலும் தண்ணிதானே, என்றான் தாணு).
நங்கூரக் கல்லைத் தூக்கிப் பார்த்து
அப்படியே வைத்தோம்.
கடைசியில் மரச்சீனியும் போயிற்று.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கைதட்டினோம்.

தட்டி முடித்த பிறகு
பெல்சிட்டா கேட்டாள்:
"மீனு?"

மூன்று வாரம், பதினோரு சீட்டு,
தூண்டல் முள்ளில் நாலு சைஸ்,
இரைக்கு மண்புழுவா மைதா உருண்டையா என்று
ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை.
மீனின் எடையை ஒருவரும் எழுதவில்லை.
ஒரு கிலோ பாக்கி.
ஒரு நல்ல கட்லாவின் தலை.

பிறகு யாரும்
என் எண்பத்து மூன்றைப் பார்க்கவில்லை.
அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.
தாணு காலண்டரைப் பார்த்தான்,
போன வருடத்துக் காலண்டர்.

எல்லோரும் போன பின்
துடுப்பைப் பிடித்துக்கொண்டு
ஒருமுறை ஏறி நின்றேன்.
எண்பத்து நாலரை.
இறங்கி, சீட்டின் அடியில்
பென்சிலால் எழுதினேன்:
"முகாமில் இருப்பவர்."
பெயருக்கு ஒரு கோடு இழுத்து
கல்லாவில் சீட்டை மாட்டிவிட்டு
ஷட்டரை இறக்கினேன்.

மறுநாள் மதியத்துக்குள்
விஜின் தன் பெயரை எழுதியிருந்தான்.
சாயங்காலம் அதன் மேலே பெல்சிட்டா.
இடம் போதாமல் ஓரத்தில், சாய்வாக,
தாணுமூர்த்தி, இனிஷியலோடு.

நான் இன்னும் எழுதவில்லை.

கணக்குப்படி பார்த்தால் இப்போது
வள்ளத்தில்
மீனுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு கிலோ
இடமிருக்கிறது.