ஒப்பீட்டு விதி

சூஸ் ஆற்றோரம் நகராட்சிக்கு ஒன்பது தோட்டத் துண்டுகள்,
ஒவ்வொன்றும் ஒரு வகுப்பறை அளவு.
கேட்டு எழுதியவர்கள் இருநூற்றுப் பதினேழு பேர்.
அடுக்கித் தரச் சொன்னாள் மிரேய் ரொஷா,
வெள்ளி மதியம், மேலங்கியில் ஒரு கையை நுழைத்தபடி.
"விதி ஒன்றும் கொடுக்காதே,
இயல்பு வரிசையே போதும்."

கொடுக்கவில்லை.
இமைப்பதற்குள் அடுக்கி முடித்தது.
ஒன்பதாம் விண்ணப்பத்துக்கு முன்னால் பத்தாவது.
அதற்கு எண்ணும் எழுத்துதான்,
ஒன்று என்று தொடங்கினால் போதும், சிறியது.
தலையில் இரு புள்ளி சுமக்கும் எழுத்தில்
பெயர் தொடங்கிய பாவத்துக்கு
ஏகெர்ட்டர், ஸ்பின்டன் குடும்பத்துக்கும் கீழே
இருநூற்றுப் பதினேழாவது வரியில்.

சந்தேகம் வந்து தமிழில் இரண்டு பெயர் தட்டிப் பார்த்தேன்.
கமலினியை முந்தினான் கனகேந்திரன்.
சனிக்கிழமை வகுப்பில்
பதினெட்டாவது ஆளாய், மணியடிக்கும்வரை காத்திருந்த ன்
இங்கே ந-வின் முதுகோடு ஒட்டி நிற்கிறது,
யாரைக் கேட்டு?

யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில்
இதற்குப் பின் இது என்று எழுதிவிட்டு
விளக்கணைத்து வீட்டுக்குப் போயிருக்கிறார்.
அவருக்கு அது தீர்மானம்.
எனக்குக் கைக்கு வரும்போதே இயல்பு.

ஆகவே சொந்தமாய் ஒரு விதி எழுதினேன்.
புள்ளிகளைக் கண்டுகொள்ளாதே என்றேன்,
ஏகெர்ட்டர் மளமளவென்று மேலேறினார்.
அத்தோடு எழுந்து போயிருக்கலாம்.

பால்கனி இல்லாதவர் முன்னே வரட்டும்.
பிள்ளைகள் உள்ளவர் அவரையும் முந்தட்டும்.
ஆறு வருடம் காத்திருந்தவர்
பிள்ளைகளையும் தாண்டட்டும்.
ஆனால் ஆறு வருடமும் பால்கனியில் தக்காளி வளர்த்தவரை
பால்கனி இல்லாதவர் முந்தத்தானே வேண்டும்?
ஒவ்வொரு வரியும் நியாயமாய் இருந்தது.
எட்டரை மணிக்கு இயந்திரம் நின்றது.
ஒப்பீடு தன் ஒப்பந்தத்தை மீறியதாகச்
சிவப்பில் ஒரு வரி.
ஒருவரை ஒருவர் துரத்தி
மூன்று பேர் வட்டமாய் ஓடிக்கொண்டிருந்தார்கள்,
முதல் ஆள் என்று யாருமில்லை.

முடிச்சை அவிழ்த்தேன். ஒரு வரியை வெட்டி,
இன்னொன்றை மேலே தூக்கி.
ஓடியது.
ஏழாவது இடத்தில் வைகுந்தவாசன்.

அது என் குடும்பப் பெயர்.
பள்ளிக்கூடப் பட்டியல், பல் மருத்துவர், குடியுரிமை நேர்காணல்,
எதிலும் கூப்பிடும்போது அறை காலியாகியிருக்கும்.
மதியம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இப்போது ஏழு.
பால்கனி இல்லை, பிள்ளைகள் இரண்டு.
ஊருக்கென்று தைத்த சட்டை
எனக்குத் தோள் பிசகாமல் பொருந்தியது.
எப்போது அளவெடுத்தேன்?
சத்தியமாய்த் தெரியாது.

கொஞ்ச நேரம் அந்த ஏழைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
புதினா. பீன்ஸ் கொடிக்கு ஒரு கழி.

பிறகு அழித்தேன்.
விண்ணப்பித்த தேதி மட்டும்,
தேதியைத் தேதியாகவே படி என்ற கட்டளையோடு.
ஒரே நாளில் எழுதியவர்களை
வந்தது வந்தபடி விட்டுவிடும் இந்த வரிசைமுறை,
அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.
எனக்கு முப்பத்தொன்று.
அச்சிட வேண்டிய பெயர்ப் பட்டியலில்
இரு புள்ளிக்கான வரியை வைத்துக்கொண்டேன்,
அதற்கு மேல் ஒரு குறிப்பு:
தொடாதே, இது ஏகெர்ட்டருக்கு.

மிரேய் கட்டைவிரல் ஒன்றை அனுப்பினாள்.

ரயில் நிலையப் பலகையில் ஊரின் பெயர்
சாய்கோட்டுக்கு இப்பால் பீல், அப்பால் பியென்.
ஜெர்மன்காரர் முதலில், பிரெஞ்சுக்காரர் பின்னால்.
கேட்டால் அகரவரிசை என்பார்கள், அதுவும் சரிதான்.
தமிழில் எழுதினால்
பி-க்குப் பிறகுதான் பீ.
பியென் முந்திவிடுகிறது.
இதை யாரிடம் சொல்ல?

ஒன்றாம் எண் பஸ் வந்தது.
கதவு எங்கே திறந்ததோ
அங்கே நின்றவர் முதலில் ஏறினார்.