கூண்டுக்கும் மேசைக்கும் நடுவில்

என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
பழைய சம்மன் ஒன்றை மடித்து அண்டக்கொடுத்து
ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
சான் பெத்ரோவின் செம்மண்
நீதிமன்றப் படியேறி உள்ளே வந்துவிடும்.
கூட்டுகிறவள் அதைக் குவாரனியில் திட்டுவாள்,
அறிவிப்புப் பலகை ஸ்பானிஷில் வரவேற்கும்.

நீதிபதி இன்ஸ்ஃப்ரானுக்குக் குவாரனி தெரியாதென்று யார் சொன்னது?
கொசு கடித்தால் குவாரனி.
பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் குவாரனி.
மகளின் காய்ச்சலைத் தொலைபேசியில் விசாரிக்கையில்
அந்தக் கனத்த குரல் பஞ்சாகும், அப்போதும் அதுதான்.
கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டதும்
அவருடைய காது வெளியூர் போய்விடும்.
அப்புறம் நான் வேண்டும்.

அன்று கூண்டில் எவுலோஹியோ கபாஞாஸ்.
நகக்கண்ணில் மரவள்ளித் தோட்டம்.
வேலியை அறுத்தது யார்?
ஓரே, என்றார்.
நாங்கள்.
கேட்கிற உங்களைச் சேர்க்காத நாங்கள்,
எண்ணிப் பதினான்கு குடும்பம்.
நோசோத்ரோஸ், என்றேன் நான்.
தட்டச்சு அடித்தது.

பண்ணையின் வக்கீல் எழுந்தார்.
"நோசோத்ரோஸ் என்றால்?
இங்கே உட்கார்ந்திருக்கும் நானுமா அறுத்தேன்?"
பின்வரிசையில் சிரிப்பு.

ஸ்பானிஷைக் குறை சொல்லவில்லை.
கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னது அதில்தான்.
அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடாமல் தப்பியதும்
அதைப் படிக்கத் தெரிந்ததால்தான்.
இந்த ஓர் இடத்தில் மட்டும்
அதனிடம் இருப்பது ஒற்றைச் சட்டை,
வீட்டில் எல்லாரும் மாற்றி மாற்றிப் போடவேண்டும்.
தையலைப் பிரித்தால் உள்ளே
'மற்றவர்' என்றொரு சொல்
காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பதினோரு மணிக்கு மின்சாரம் போனது.
நிலம் யாருடையது?
எவுலோஹியோ ஜன்னல் வழியே சோயா வயலைப் பார்த்தார்.
பிறகு வக்கீலை.
தட்டச்சுப் பையனை.
கடைசியாக நீதிபதியை.
ஞாந்தே, என்றார்.
நம்முடையது.

சுடுகிழங்கைப் போல அந்தச் சொல்லை
இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் தள்ளிக்கொண்டிருந்தேன்.
வேலி போட்டவனையும் சேர்த்து
எல்லாரையும் உள்ளே கூப்பிட்டிருந்தார் மனிதர்.
தந்திரமா, தாராளமா,
இல்லை, மண்ணைப் பற்றிப் பேசினால்
அவர்களுக்கு அப்படித்தான் வாயில் வருமா, தெரியாது.
நீதிபதியின் பேனா நின்றதைப் பார்த்தேன்.
ஊருக்குப் போன காது
திரும்பி வந்து வாசலில் நின்றது.

"மொழிபெயர்ப்பாளர்?" என்றார் கண்ணைத் தூக்காமல்.
நுயெஸ்த்ரா, என்றேன்.
விடவும் முடியவில்லை.
"ஒரு குறிப்பு, ஐயா.
சாட்சி உங்களையும் சேர்த்துச் சொல்கிறார்."
"பதிவுக்கு அது தேவையில்லை."
ஸ்பானிஷில்தான் சொன்னார்.
நல்ல ஸ்பானிஷ்.

மதியம் மேகம் கறுத்தது.
மற்ற நாளாக இருந்தால்
என் தெரெரேயில் இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு
"ஜஹா, சுனில்தா" என்பார்.
போகலாம் வா, நாம்.
நாற்சந்திவரை அவர் வண்டியில் இடம் உண்டு எனக்கு.
இன்று வக்கீல் தன் வண்டிக் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.
நீதிபதி என்னைத் திரும்பிப் பார்த்து,
"ரோஹோமா" என்றார்.
கிளம்புகிறோம். நாங்கள்.
கனிவாகத்தான் சொன்னார்.
நனையாமல் போ என்றும் சொன்னார்.

தீர்ப்புக்கு இன்னும் பதினேழு நாள்.
நாற்பது பக்கமாவது வரும்,
முழுக்க ஸ்பானிஷ்,
உரக்கப் படித்து மாற்றிச் சொல்ல நான்.
அதன் முதல் அசை
இப்போதே என் காதில் விழுந்துவிட்டது.

படியில் உட்கார்ந்து எவுலோஹியோ சிப்பா பிட்டுக்கொண்டிருந்தார்.
நான்கடி தூரம்கூட இல்லை.
"என்ன சொல்லிவிட்டுப் போகிறார்?" என்று கேட்டார்,
எனக்குக் குவாரனி தெரியும் என்பதுபோல,
தனக்குத் தெரியாது என்பதுபோல.

மழை வருமாம், என்றேன்.